வாய் சீவாத தோட்டாக்கள்

நிலவறைப் படியில் நின்றபடியே லோரீன் புருஷனின் பிடரியைப் பார்த்தாள். விளக்குக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, ஒரு பித்தளைத் தோட்டாக் குப்பியைச் சின்னக் கைராட்டினம் மாதிரியான கருவியில் மாட்டி எல்டன் சுற்றிக்கொண்டிருந்தான். குப்பியின் வாயிலிருந்து பித்தளை மயிரிழையாகச் சுருண்டு விழுந்தது. எடுத்தான், அளந்தான், மூக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான், மறுபடி மாட்டினான். கைக்குழந்தைக்கு நகம் வெட்டுகிறவள்கூட இவ்வளவு மெனக்கெட மாட்டாள். அவர்களுக்குப் பிறந்த இரண்டுக்கும் நகம் வெட்டியது லோரீன்தான். எல்டன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

சுட்ட தோட்டாவின் குப்பியைப் பொறுக்கிவந்து, மறுபடி வெடிமருந்தும் ஈயக் குண்டும் வைத்து நிரப்புவது அந்த மலைப்பக்கத்தில் பாதி வீடுகளில் நடப்பதுதான். மான் வேட்டைத் துப்பாக்கியின் குப்பி சுடச்சுட நீளும், அதன் வாயைச் சீவியே ஆகவேண்டும். கைத்துப்பாக்கிக் குப்பி அப்படி நீளாது. அதனால் அதை யாரும் சீவுவதில்லை. எல்டன் சீவுவான். துப்பாக்கி சுடுகிறவர்களின் கிளப்பில் அவன் தலையைக் கண்டாலே, முடி வெட்டிக்கொள்ள வேண்டும், கடை திறந்திருக்கிறதா என்று எவனாவது கேட்பான். எல்டனும் சேர்ந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பைத்தான் லோரீனால் சகிக்க முடியவில்லை.

"இன்னிக்கு வேணும்னு எப்பவோ சொன்னேன்."

"முடிஞ்சதெல்லாம் அந்தப் பெட்டியில இருக்கு."

திறந்து பார்த்தாள். பாதிப் பெட்டி காலி. "இவ்வளவுதானா? நாள் முழுக்கப் போட்டி, எல்டன்."

"மிச்சமெல்லாம் அங்கங்க பொறுக்கினது. ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. சீவாம எப்படி நிரப்புறது?"

"கைத்துப்பாக்கிக் குப்பி நீளாதுன்னு ஊரே சொல்லுது."

"நீளுதுன்னு நான் எப்பச் சொன்னேன்? எல்லாம் ஒரே உசரத்துல இருந்தாத்தான் வாயை மடக்குறப்ப குண்டை ஒரே மாதிரி கவ்வும். குட்டையா இருந்தா மடிப்பு சரியா விழாது."

"மடிப்பைப் பாத்துக்கிட்டே உன் ஆயுசு முழுக்கப் போயிடும்," என்று பெட்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

அன்றைக்கு அவளுக்குக் கோப்பையோ பரிசுப் பன்றித் தொடையோ வேண்டியதில்லை. நாத்தனார் ஜோய்ஸின் வாயை அடைக்கவேண்டும், அவ்வளவுதான். இலையுதிர்காலக் கட்டைப் போட்டியில் ஜோய்ஸ் வருஷா வருஷம் ஜெயிப்பாள். பிறகு நன்றித் திருநாள் விருந்தில், வான்கோழியை அறுத்துக்கொண்டே, எந்தக் கட்டை எப்படிச் சரிந்தது என்று தொடங்கினால் கடைசியில் பூசணி இனிப்பு வரும்வரை நிறுத்தமாட்டாள். முடிவில் லோரீன் பக்கம் திரும்பி, "நீயும் நல்லாத்தான் சுட்டே கண்ணு," என்பாள். அந்தக் 'கண்ணு' ஒன்றுக்காகவே லோரீன் வேனில் முழுக்கக் கைவலிக்கப் பழகியிருந்தாள்.

போட்டி எளிது. பந்தை உருட்டிக் கட்டை சாய்க்கும் பவுலிங் கூடத்தில் கழித்துப்போட்ட கட்டைகளில் ஐந்தை ஒரு மேசைமேல் நிறுத்தியிருப்பார்கள். யார் முதலில் எல்லாவற்றையும் மேசையை விட்டுக் கீழே தள்ளுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. கனமான கட்டை. பட்டால் போதாது, அடித்துத் தள்ளவேண்டும். அதனால் மருந்தும் கனமாகத்தான் போடுவார்கள். ஒவ்வொரு சூடும் மணிக்கட்டை உலுக்கிவிட்டுத்தான் போகும்.

அன்று லோரீனின் கை அவள் சொன்னபடி கேட்டது. சாயங்காலம் கடைசிச் சுற்றில் அவளும் ஜோய்ஸும்தான் மிஞ்சினார்கள். அதிலும் இரண்டு பேரின் கடைசிக் கட்டையும் ஒன்றாக விழ, மறுபடி சுடச் சொன்னார் நடுவர். லோரீன் பெட்டியைத் திறந்தாள். துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

"தீர்ந்துபோச்சா?" ஜோய்ஸ் தன் ரிவால்வரை நிரப்பிக்கொண்டே கேட்டாள். "பரவால்ல கண்ணு. அண்ணனுக்கு எப்பவுமே நிதானம்."

வேலியோரம் காப்பிக் குவளையோடு சாய்ந்திருந்தான் மெர்ல். தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்துக்கொண்டே தோட்டா நிரப்புகிறவன். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வான். அவன் ஒரு பெட்டியை நீட்டினான். "இந்தா லோரீன். சவரம் பண்ணாத பயலுங்க. ஆனா நல்லா உதைப்பானுங்க."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கிளப்பில் ஒருவன் மற்றவனுக்கு வண்டியைத் தருவான், வேட்டை நாயைத் தருவான். தன் வீட்டில் நிரப்பின தோட்டாவைத் தரமாட்டான், தந்தாலும் வாங்கமாட்டார்கள். அடுத்தவன் எவ்வளவு மருந்து போட்டான் என்று யாருக்குத் தெரியும்? பெண்டாட்டி புருஷன் நிரப்பினதைச் சுடுவாள். இன்னொருத்தன் நிரப்பினதை, புருஷன் பக்கத்தில் நிற்கும்போதே வாங்கிச் சுட்டவள் அங்கே இதுவரை இல்லை.

"அது வேண்டாம் லோரீன்," என்றான் எல்டன். மெதுவாகத்தான் சொன்னான். அவன் எதைத்தான் உரக்கச் சொன்னான்?

"உன்னுது எங்க?"

எல்டன் அவள் கையிலிருந்த காலிப் பெட்டியைப் பார்த்தான்.

"அப்ப ஒதுங்கி நில்லு," என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, மெர்லின் பெட்டியிலிருந்து ஆறை எடுத்துப் போட்டாள்.

விசில். முதல் கட்டை பறந்தது. மெர்லின் மருந்து முரட்டு மருந்துதான், துப்பாக்கி கையில் துள்ளியது. இரண்டாவது. மூன்றாவது. ஜோய்ஸ் இரண்டில்தான் இருந்தாள். விருந்து மேசையில் கத்தியைப் பிடித்தபடி வாயடைத்து நிற்கும் நாத்தனார் லோரீனின் கண்முன் வந்துபோனாள். நான்காவதுக்கு விரலை இழுத்தாள். விரல் போகவில்லை. பலங்கொண்டு இழுத்தாள். தோட்டாக்களோடு சுழலவேண்டிய உருளை கல்லாக நின்றது.

பக்கத்தில் ஜோய்ஸின் கட்டைகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் விழுந்தன.

துப்பாக்கியை மேசைக்குப் பின்னாலிருந்த மண்மேட்டுக்கு நேரே பிடித்தபடி லோரீன் நின்றாள். எல்டன் வந்து வாங்கினான். உருளையின் முன்பக்கம் ஒரு குண்டு தன் குப்பியை விட்டு நகர்ந்து மூக்கை வெளியே நீட்டி, துப்பாக்கியின் சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் உதைத்த உதையில், கவ்வ மடிப்பில்லாத ஒன்று கழன்று வந்திருந்தது. எல்டன் மரக்குச்சியால் அதைப் பதமாக உள்ளே தள்ளி உருளையைத் திறந்தான். அந்தத் தோட்டாவைத் தனியே எடுத்து, இன்னொன்றின் பக்கத்தில் உள்ளங்கையில் நிறுத்தினான். நாலடி தள்ளி நின்ற லோரீனுக்கே தெரிந்தது, அது குட்டை.

மெர்ல் எட்டிப் பார்த்தான். "எப்பவாவது ஒண்ணு அப்படி ஆகும்ப்பா. அதுக்காக ஒண்ணுமே உருப்படி இல்லையா? மூணு விழுந்துச்சே."

"வாயை மூடு மெர்ல்," என்றாள் லோரீன்.

இப்போது எல்டன் சொல்லலாம். ஒரு வார்த்தை போதும். 'பாத்தியா' என்றால்கூட அவள் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தொலைத்திருப்பாள். அவனோ சுடாத மூன்று தோட்டாவையும் பெட்டியில் வைத்து மூடி, மெர்லிடம் நீட்டினான். மெர்ல் வாங்கிக்கொள்ளவில்லை, வீட்டம்மாவே வைத்துக்கொள்ளட்டும் என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். ஜோய்ஸ் பன்றித் தொடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள்.

"நல்லாத்தான் சுட்டே கண்ணு," என்றாள். "வியாழக்கிழமை விருந்துக்குச் சீக்கிரமா வந்துடுங்க."

திரும்பும்போது எல்டன்தான் வண்டியை ஓட்டினான், வழக்கம்போல வரம்புக்குக் கீழான வேகத்தில். கையளவு விஷயத்தில் இவன் சொன்னது சரியாகிவிட்டது. அதனால் மற்ற எல்லாவற்றிலும் சரியாகிவிடுவானா? நியாயம் இவன் பக்கம் நின்றதும், இவன் கழுத்து இன்னும் மெலிந்து தெரிவதாக அவளுக்குப் பட்டது. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் முந்திப் போயின. இருவருக்கும் நடுவே இருக்கைமேல் கிடந்த மெர்லின் பெட்டி, ஒவ்வொரு வளைவிலும் கலகலவென்று ஒருமுறை அவன் பக்கம் சரிந்தது, மறுமுறை அவள் பக்கம் வந்தது. அவனும் அதைப் பிடித்து நிறுத்தவில்லை, அவளும் நிறுத்தவில்லை.