ஏணி கொடுக்கப் போனவர்

பண்ணைக்காரர் இறந்த செய்தி கேட்டு ஊரில் அழாதவர்களே இல்லை. அத்தனை பேருக்கும் அவர் பணம் தரவேண்டியிருந்தது.

எலுமிச்சைத் தோப்பு, ஆற்றோரத்து வயல், மேட்டுப் புல்வெளி, ஊர் நடுவில் ஜன்னல் ஜன்னலாக ஒரு பெரிய வீடு என்று சொத்துக்குக் குறைவில்லைதான். ஆனால் நிலத்திலிருந்து வரும் காசைவிடப் பிறர் பையிலிருந்து வரும் காசுதான் அவருக்கு ருசித்தது. அவர் கடன் கேட்கும் அழகில், கொடுக்கிறவனுக்குத்தான் நன்றி பொங்கும். ஒருமுறை நடுராத்திரியில் பின்கதவு வழியாக வந்த திருடனை உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். பேச்சு முடிந்தபோது திருடன் தன் டார்ச் விளக்கையும் பையிலிருந்த சில்லறையையும் கைமாற்றாகக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு பல வருஷம் அவன் வாசலில் வந்து நின்று, ஐயா எப்போது தருவார் என்று பணிவாக விசாரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

அவருக்கு வாரிசு ஒரே மகள். அந்த மகளைக் கட்டிக்கொண்டு வந்து, அதே வீட்டிலேயே தங்கிவிட்டவர் மாப்பிள்ளை. மாமனாருக்கு மாப்பிள்ளை என்றிருந்தது நாளடைவில் ஊருக்கே மாப்பிள்ளை என்றாகி, தபால்காரர் முதல் பால்காரர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வீட்டு முன்னறையில் பம்ப் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவர் தொழில். எரிந்துபோன மோட்டாரைத் தட்டிப் பார்த்தே அது எப்போது, யார் அவசரத்தில் எரிந்தது என்று சொல்லிவிடுவார். மனிதர்கள் பேசினால் மட்டும் பாதிதான் விளங்கும். சாப்பிடும்போது யாராவது உள்ளே வந்தால் தட்டோடு எழுந்து இடம் விடுகிற ஆள். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் வீட்டில் இருக்கும் மேஜை நாற்காலிக்கு அடுத்த இடம் என்று அவரே ஒப்புக்கொண்டு வாழ்ந்துவந்தார்.

காரியமெல்லாம் முடிந்ததும் வக்கீல் வந்து நிலைமையை விளக்கினார். தோப்பு, புல்வெளி, வயல் மூன்றையும் ஏலம் விட்டுக் கடனை அடைக்க வேண்டும். அதில் அடைந்துவிட்டால் வீடு தப்பித்தது. அடையாவிட்டால் அன்றைக்கே, அதே கையோடு, வீட்டுக்கும் ஏலம். நிலம் நியாயமான விலைக்குப் போனால் கவலையே இல்லை என்றார் வக்கீல். சொல்லிவிட்டு, கவலையாக ஒரு பெருமூச்சும் விட்டார்.

காரணம் இருந்தது. அந்த ஊரில் நிலம் வாங்கும் சக்தி மூன்று பேருக்குத்தான் உண்டு. மாவு மில்லுக்காரர், மரவாடிக்காரர், மருந்துக்கடைக்காரர். பண்ணைக்காரருக்குப் பெருந்தொகை கடன் கொடுத்திருந்தவர்களும் அவர்களே. மூவரும் மருந்துக்கடையின் பின்னறையில், இருமல் மருந்துப் பெட்டிகள் மேல் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். தோப்பு மில்லுக்கு, புல்வெளி மரவாடிக்கு, வயல் மருந்துக்கடைக்கு. ஒருவர் கேட்கும்போது மற்ற இருவரும் வாயைத் திறக்கக் கூடாது. அடிமாட்டு விலைக்கு நிலம் போகும், கடன் மீதி நிற்கும், வீடும் கைக்கு வரும். ரகசியம் என்று பேசியதால் மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? மற்றவர்கள் எல்லோரும் இந்த மூவரில் ஒருவருக்காவது பதில் சொல்ல வேண்டியவர்கள்.

மாப்பிள்ளையின் மனைவி அதைக் கேட்டுவிட்டு, சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தாள். "நான் பொறந்த ரூம்ல அவங்க இருமல் மருந்து அடுக்குவாங்களா?" என்று கேட்டாள். அவள் அழுதிருந்தால் மாப்பிள்ளை ஏதாவது சொல்லியிருப்பார். அவள் அழவில்லை, பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

மூட்டை கட்டும் வேலையில் பின்புறத்துக் கொட்டகையைத் திறந்தார்கள். பண்ணைக்காரர் பணம் மட்டுமா கடன் வாங்கினார்? கண்ணில் பட்டதெல்லாம் வாங்கியிருந்தார். யாருடையவோ கதவு ஒன்று. ஒரு நாற்காலியின் மூன்று கால்கள். நாலாவது கால் சொந்தக்காரரிடமே இருந்ததால் அவர் அத்தனை வருஷமும் நம்பிக்கையோடு காத்திருந்தார். செத்தவர் மேல் இன்னொரு பேச்சு வரக்கூடாது, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றாள் மனைவி. முதலில் கைக்கு வந்தது மில்லுக்காரரின் ஏணி.

மாப்பிள்ளை ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். மில்லுக்காரர் ஏணியைப் பார்த்துக் கண்கலங்கி, அவரை உள்ளே இழுத்து உட்காரவைத்து, தன் வயிற்றிலிருந்து ஆபரேஷன் செய்து எடுத்த கல்லைக் கண்ணாடிக் குப்பியில் காட்டினார். கல் மிளகளவு. கதை மலையளவு. காபி வந்தது, இன்னொரு காபியும் வந்தது. கடைசியில் ஒரு துணிப்பையில் மாவு கட்டிக் கொடுத்து அனுப்பினார். விட்டால் போதும் என்ற நிம்மதியில் மாப்பிள்ளை பையை அணைத்தபடி, முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார்.

எதிரே மரவாடி. மரவாடிக்காரர் கையில் பிடித்த அளவுகோலை அப்படியே பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே அவர் ஒரு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தார். மோட்டாருக்கு ஒரு கோளாறும் இல்லை. மாப்பிள்ளை அதைச் சொன்ன பிறகும் அவர் எழுந்து போகவில்லை.

"மில்லுக்காரர் வீட்ல என்ன மாப்ள விசேஷம்?"

"ஒண்ணுமில்லண்ணே. ஏணி குடுக்கப் போனேன்."

"ஏணி."

"ஆமாண்ணே."

"ஏணி குடுக்க அவ்வளவு நேரமா?"

"பெரிய ஏணிண்ணே."

ஊரிலேயே பொய் சொல்லத் தெரியாதவன் என்று பெயரெடுத்த ஆள் இத்தனை கூசாமல் பொய் சொல்கிறான் என்றால், மில்லுக்காரர் தனியாக ஒரு பேரம் முடித்துவிட்டார், அதில் கை மாறியது சின்னத் தொகையாக இருக்காது என்று மரவாடிக்காரருக்குப் பட்டது. நல்ல மோட்டாரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, கட்டின மூட்டை ஒன்றை அவிழ்த்துக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு மரவாடிக்காரர் குடையக் கொண்டு போய்க் குடுங்க."

"அது கிழிஞ்சு கெடக்கே."

"கிழிஞ்சதக் குடுக்க இன்னும் நேரமாகும். நிதானமாக் குடுங்க."

யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அவர் பயந்தார். "குடை குடுக்கப் போனேன்னு சொல்லுங்க. உங்களுக்குப் பொய் வராது. வராததச் செய்ய வேணாம்" என்றாள்.

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு விளங்கியது. விளங்கியதும் காது சூடானது. மோட்டாரில் இரண்டு கம்பியை இடம் மாற்றிக் கொடுத்தால் முழு ஓட்டமும் திசை மாறுகிற மாதிரி ஏதோ நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் மரவாடியில் குடையைக் கொடுத்தார். மரவாடிக்காரர் அவரைத் தேக்குப் பலகைகளுக்கு நடுவே உட்காரவைத்து, ஏணி விஷயத்தை ஆழம் பார்க்க முயன்றதில் பொழுது உச்சிக்கு வந்தது. மில்லுக்காரர் மாடியிலிருந்து அதைப் பார்த்தார், பார்த்து வயிற்றைத் தடவிக்கொண்டார். அடுத்தது மருந்துக்கடை. பண்ணைக்காரர் தன் எடையைத் தெரிந்துகொள்ளக் கைமாற்றாக வாங்கிப்போன எடை மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கடைத்தெரு நெடுக மாப்பிள்ளை தள்ளிக்கொண்டு போனார். மருந்துக்கடைக்காரர் அவரை உள்ளே விட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். வெயில் மருந்துகள் மேல் அடிக்கிறது என்பதுதான் காரணம். ஆனால் பாதி இறங்கிய ஷட்டரைவிடச் சந்தேகமான பொருள் உலகத்தில் கிடையாது. மற்றவர்களிடம் என்ன பேசினாய் என்று அவர் குடைந்தபோது மாப்பிள்ளை ஏணி என்றார், குடை என்றார். மருந்துக்கடைக்காரர் அதற்குள் ஒளிந்திருக்கும் அர்த்தத்தைத் தேடி இரண்டு நாள் தூக்கத்தைத் தொலைத்தார். தன் கடையின் தூக்க மாத்திரையும் அவரிடம் பலிக்கவில்லை.

ஏலம் அந்த வீட்டு முன்னறையிலேயே நடந்தது. ஏலம் என்பதற்காகத் தொழில் நிற்குமா? காயில் கட்டி வார்னிஷ் பூசிய மோட்டார்கள் சுவரோரம் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கூட்டம் ஜன்னல்களில் தொங்கியது.

முதலில் தோப்பு. மில்லுக்காரர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, காது கூசும் அளவுக்குக் குறைவான ஒரு தொகையைச் சொன்னார். வக்கீல் ஒரு தரம் என்றார். மாப்பிள்ளை யார் முகத்தையும் பார்க்கத் தெம்பில்லாமல் கூரையைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்ப்பதை மரவாடிக்காரர் பார்த்தார். ஒன்றும் தெரியாதவன் போல நடிக்கிறான் என்று முடிவு கட்டி, ஆழம் பார்க்க ஒரு சின்னத் தொகையைக் கூட்டிக் கேட்டார்.

மில்லுக்காரர் கால் இறங்கியது.

"என்னய்யா இது?"

"கேக்கக் கூடாதா?"

"குடைக்கு அவன் எவ்வளவு தர்றேன்னான்?"

"உனக்கு ஏணிக்கு எவ்வளவோ, அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு வக்கீலுக்கு மூச்சு விட நேரமில்லை. தோப்பின் விலை அதன் மரங்களைவிட மும்மடங்கு உயரத்துக்குப் போய் நின்றது. அடுத்து புல்வெளி. ஆடுகூட அந்தப் புல்லைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைத் தோப்பைவிட அதிக விலைக்கு மருந்துக்கடைக்காரர் எடுத்தார். எடுத்துவிட்டு, எதற்கு எடுத்தோம் என்று யோசிக்க ஆரம்பித்தார். ஜன்னலில் தொங்கிய ஒருவர் ஆச்சரியத்தில் கைப்பிடியை விட்டுக் கீழே விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே அடுத்து என்ன ஆச்சு என்று விசாரித்தார்.

வக்கீல் கூட்டிப் பார்த்தார். இன்னும் போதவில்லை. வயல் நல்ல விலைக்குப் போனால்தான் வீடு. அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரருக்குப் புத்தி தெளிந்தது. கொஞ்சம் பொறுங்கள், நாங்கள் மூவரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வருகிறோம் என்று எழுந்தார். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள்.

மாப்பிள்ளை ஜன்னலுக்கு ஓடினார். மூன்று பேரும் மனம்விட்டு ஒரு நிமிஷம் பேசினால் போதும், எல்லாம் வெளுத்துவிடும். மனைவி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். இருவரும் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார்கள்.

மருந்துக்கடைக்காரர்தான் தொடங்கினார். நமக்குள் ஒளிவுமறைவு வேண்டாம், அவன் வந்து என்ன கொடுத்தான் என்று அவரவர் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றார். மற்ற இருவரும் அது நியாயம் என்றார்கள்.

"ஏணி" என்றார் மில்லுக்காரர்.

"குடை" என்றார் மரவாடிக்காரர். "அதுவும் கிழிசல்."

"எடை மெஷின்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றாகப் படித்து, ஒன்றாகப் பரீட்சையில் தோற்று, இத்தனை காலம் ஒன்றாகப் பழகியவர்கள். முகத்துக்கு நேரே இப்படிப் பொய் சொல்கிறார்களே என்று மூவருக்கும் ஒரே சமயத்தில் நெஞ்சு வலித்தது. ஒருவர் பின் ஒருவராக, இடையில் நல்ல தூரம் விட்டு, உள்ளே வந்து நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

வயல் ஏலத்தைப் பற்றிப் பின்னாளில் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். தொகை சொல்லும் சத்தம் ஆற்றுக்கு அக்கரையில் கேட்டது என்பது கொஞ்சம் கூடுதல். ஆற்றின் நடுப்பகுதி வரைதான் கேட்டது. மரவாடிக்காரர் எடுத்தார். வக்கீல் பேனாவை மூடி வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, கடன் எல்லாம் பைசல் என்றும், போக மிச்சமும் இருக்கிறது என்றும், வீட்டை ஏலம் விட வேண்டியதில்லை என்றும் அறிவித்தார். ஜன்னல்களில் எழுந்த ஆரவாரத்தில் முன்னறைத் தூசியெல்லாம் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தது.

ஆனால் மூவருக்கும் ரத்தம் சூடாகவே இருந்தது. வீட்டையும் ஏலம் விட்டுப் பாருங்கள் என்றார் மில்லுக்காரர். தொகையும் சொன்னார். மரவாடிக்காரர் அதன்மேல் ஒரு தொகை சொன்னார். மருந்துக்கடைக்காரர் அதையும் தாண்டினார். அந்தப் பணத்துக்கு அதேபோல ஒரு தெருவே கட்டலாம். வக்கீல் மெல்லத் திரும்பி, மகளைப் பார்த்தார். சொத்து அவளுடையது.

அவள் மாப்பிள்ளையைக் காட்டினாள். "அவர் என்ன சொல்றாரோ அதான்."

இருபது வருஷத்தில் அந்த வீட்டு விஷயத்தில் மாப்பிள்ளையிடம் ஒருவரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வார்னிஷ் பூசி வெச்சிருக்கேன். காயற வரைக்கும் எடத்த அசைக்கக் கூடாது."

"எப்ப மாப்ள காயும்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நாங்க இருக்கிற வரைக்கும் காயாதுண்ணே."

அவள் சிரித்தாள். அப்பா போனதிலிருந்து அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில் மாப்பிள்ளை ஒரு மோட்டாரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, ஊரின் மூன்று பெரிய மனிதர்களுக்கு நேரே வந்து நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் நாற்காலிய நகத்திப் போடுங்க. எனக்கு வேலை இருக்கு."

மூவரும் எழுந்து நகர்த்திப் போட்டார்கள்.