லென் ஸ்கெல்டனுக்கு அடித்த மணி

இப்போதெல்லாம் சாவு ஊர்வலத்துக்கும் கைதட்டுகிறார்கள். என்ன, கூத்தா நடக்கிறது அங்கே? வில்ஃப் மால்ட்பிக்குப் பொறுக்கவில்லை. ஒரு காலத்தில் இந்தக் கிரிம்ஸ்பி மீன்பிடித் துறைமுகத்தில் சவவண்டி போனால் ஆண்பிள்ளைகள் தொப்பியைக் கழற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். இன்றைக்கு ஒவ்வொருவன் கையிலும் ஒரு போன். கைதட்டவும் வேண்டும், படமும் பிடிக்க வேண்டும். போனை வாயில் கவ்வாததுதான் குறை.

குத்துச்சண்டை மன்றத்தின் வாசலில் ஒரு மேசை போட்டு, சண்டை வளையத்து மணியைக் கழற்றி வந்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் சிறு சுத்தியல். செத்துப்போன குத்துச்சண்டைக்காரனுக்குப் பத்து அடி மணி அடிப்பது இந்தத் தொழிலின் மரியாதை. அடிக்க வேண்டியவர் வில்ஃப். முதல் சண்டையிலிருந்து கடைசிச் சண்டை வரைக்கும் லென் ஸ்கெல்டனின் மூலையில் உதவியாளாக வாளியோடும் துண்டோடும் நின்றவர் அவர்தானே.

லென் மீன்துறையில் பெட்டி தூக்கியவன். இரண்டு தடவை பிரிட்டன் சாம்பியன். லண்டனில் அவனுக்குச் சண்டை என்றால் பாதி ஊர் ரயிலேறிவிடும். இன்றைக்கு அவன் பேரில் ஒரு மதுக்கடை, ஒரு தெரு. சுவரில் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்காக ஒரு படம். படத்தில் மூக்கு நேராக இருக்கிறது. ரத்தம் வழிந்த அந்த மூக்கைச் சண்டைக்கு நடுவே பிடித்து நிமிர்த்திய வில்ஃப் எப்படி அதை நம்புவார்? ஆனால் ஊர் அவனைக் கொண்டாடியது ஜெயித்ததற்காக அல்ல, விழுந்து எழுந்ததற்காக. எத்தனையோ பேர் அவனைத் தரையில் சாய்த்திருக்கிறார்கள். நடுவர் பத்து எண்ணுவதற்குள் எழாவிட்டால் தோல்விதான். எட்டு என்பார், ஒன்பது என்பார். அதற்குள் லென்னின் முழங்கால் தரையை விட்டுக் கிளம்பிவிடும். பத்து எண்ணி அவனை முடித்தவன் எவனும் இல்லை. கடைசிச் சண்டையில்கூட நின்றுகொண்டேதான் தோற்றான்.

அந்தப் பத்தை இப்போது தன்னையே எண்ணச் சொல்கிறார்களே என்பதுதான் வில்ஃபுக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

"நிதானமா பத்து அடி, வில்ஃப். எல்லாம் நேரலையில போவுது," என்றார் மன்றச் செயலாளர் கீத்.

"நேரலைக்காகவா அவன் செத்தான்?"

"உங்க வாய்க்கு மட்டும் வயசே ஆகல."

"உன் தொப்பைக்கு ஆயிருச்சு. தள்ளி நில்லு."

சவவண்டி வந்து நின்றது. லென்னின் மகள் ஜேனிஸ் பின்னால் வந்த காரிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் நின்றாள். லென் படுக்கையில் கிடந்த வருஷங்களில் ஊட்டிவிட்டதும் துடைத்துவிட்டதும் அவள்தான்.

"அடிங்க, வில்ஃப் மாமா."

ஒன்று. தெரு அடங்கியது. கடற்காக்கைகள் மட்டும் கத்தின. இரண்டு. மூன்று. அந்நாளில் நடுவர் நாலு என்கையில், விழுந்து கிடக்கும் லென் எப்போதும் மூலையைத் திரும்பிப் பார்ப்பான். வில்ஃப் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டுவார்: பொறு, மூச்சு வாங்கு. எட்டு என்றதும் அந்தக் கை மேலே போகும்: எழு. இப்போதும் எட்டாவது அடியில் அவரது இடது கை தானாக உயர்ந்தது.

ஒன்பது அடித்துவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தார்.

தெரு காத்திருந்தது.

"இன்னும் ஒண்ணு," கீத் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"முடிஞ்சுது."

"ஒம்போதுதான்யா ஆச்சு!"

"எனக்கும் எண்ணத் தெரியும். அவனைப் பத்து எண்ண நான் ஆளு இல்ல."

ஜேனிஸ் கோபப்படவில்லை. தாழ்ந்த குரலில் பேசினாள். "மாமா, அப்பா தினம் காலையில எந்திரிக்கணும்னு துடிப்பாரு. கால் நிக்காது. நான்தான் தோளைப் புடிச்சுப் படுக்க வைப்பேன். ஊரே எந்திரி எந்திரின்னு கத்துச்சு. போதும்ப்பா, படுத்துக்கோன்னு யாராச்சும் சொல்ல வேணாமா?"

"படுத்துக்கற ஆளு இல்ல கண்ணு உங்கப்பன்."

"நீங்க பாத்த ஆளு இல்ல. நான் பாத்த ஆளு களைச்சுப் போயிட்டாரு."

அவள் சுத்தியலை எடுத்து அடித்தாள். ஓங்கி அடிக்கவில்லை, ஆனாலும் அந்த ஒலி அடங்க நேரமானது. அது முழுசாக ஓய்வதற்குள் ஜனம் கைதட்ட ஆரம்பித்துவிட்டது.

வில்ஃப் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். "சாப்பாடு இருக்கு, வில்ஃப்! எங்க போறீங்க?" என்று கீத் கத்தியது காதில் விழுந்தது. அவள் செய்தது சரியாகவே இருக்கலாம், பெற்ற மகள். ஆனாலும் அவர் மனசு ஒப்பவில்லை. தரையை விட்டுக் கிளம்பிய அந்த முழங்காலைப் பார்த்தவர் அவர், மற்றவர்கள் முகத்தை மட்டும்தான் பார்த்தார்கள்.

மீன்துறைச் சந்தில் ஒருவன் மீன் எடுத்த பெட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். பொடித்த பனிக்கட்டி பாதை முழுக்கச் சிதறிக் கிடந்தது.

"பெரியவரே, சுத்திப் போங்க, வழுக்கும்!"

வில்ஃப் சுற்றிப் போகவில்லை. காலடியில் பனிக்கட்டி நொறுங்க, அதன் நடுவாகவே நேராக நடந்து போனார்.