உச்சியில் அரை லிட்டர்

ஃபரங்கீஸ் டீச்சரின் பெயரை தமாவந்து மலை ஏறுகிறவர்களின் பட்டியலிலிருந்து இரண்டு வருடமாக அடித்துக்கொண்டிருந்தார் குழுத் தலைவர் ஹெஷ்மத். இரண்டு வருடமும் காரணம் தண்ணீர்தான்.

கால் சரியில்லை, மூச்சு வாங்குகிறது என்று சொல்லியிருந்தால்கூட மனுஷி பேசாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பாள். ஐம்பத்தாறு வயதிலும் ஆடு மாதிரி மலையேறுகிற கால் அது. ஆனால் தண்ணீர் குடிக்க நின்றால் போச்சு. முதுகுப்பையைக் கழற்றி, ஜிப்பைத் திறந்து, வெள்ளரிக்காயையும் அவித்த முட்டையையும் தாண்டிக் கையை விட்டு, அடியில் கிடக்கிற பாட்டிலைத் தேடி எடுத்துக் குடித்து, மறுபடி எல்லாவற்றையும் அடுக்கி மாட்டவேண்டும். வெள்ளிக்கிழமை லீவு, அன்று காலையில் தெஹ்ரானில் பாதிப் பேர் பயிற்சி மலையின் ஒற்றையடிப் பாதையில்தான் இருப்பார்கள். பின்னால் வரிசை தேங்கி நிற்கும்.

"டீச்சர், நீங்க மலை ஏற வந்தீங்களா, கடை திறந்து மூட வந்தீங்களா?" என்று கேட்டார் ஹெஷ்மத். அது முதல் வருடம்.

இரண்டாவது வருடம் சுமை வேண்டாமென்று ஒரே பாட்டிலோடு வந்தாள். அப்போதும் அடித்தார். அவருடைய குழுவில் ஒரு விதி உண்டு. பயிற்சிக்கு தோச்சால் மலை ஏறும்போது, உச்சியில் நிற்கிற ஒவ்வொருவரிடமும் அரை லிட்டராவது மிச்சம் இருக்கவேண்டும். இறங்கும்போதுதான் ஆள் விழுவான் என்பது அவர் கட்சி. அந்தத் தண்ணீர் இல்லாதவருக்கு தமாவந்து இல்லை.

இந்த வருடம் விட்டால் அவ்வளவுதான். ஐம்பத்தேழு ஆன யாரையும் முதல்முறையாக தமாவந்துக்குக் கூட்டிப்போவதில்லை என்றும் ஒரு விதி வைத்திருந்தார் மனிதர். டீச்சருக்கு மாடி ஜன்னலைத் திறந்தால், காற்று சுத்தமாக இருக்கிற நாளில், அந்த மலை தெரியும். ஒருமுறையாவது அதன் தலையில் நின்றுவிட்டுத்தான் சாகவேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஷஹீன்தான் வழி சொன்னாள். மருந்துக்கடை வைத்திருக்கிறவள், நாற்பது வயது, மாரத்தான் ஓடுகிறவள், அதே குழு. டீச்சருக்கு சட்டை மாதிரி மாட்டிக்கொள்கிற ஒரு பை வாங்கிக் கொடுத்தாள். ஓட்டக்காரர்கள் மாட்டுவது. முதுகில் தண்ணீர்ப் பை, அதிலிருந்து தோள் வழியாக வாய்க்கு ஒரு குழாய்.

"நிரப்பினதும் தலைகீழாத் திருப்பி உள்ள இருக்கற காத்தை உறிஞ்சி எடுத்துடணும் டீச்சர். இல்லன்னா நடக்க நடக்க களக் களக்குன்னு உசிரை வாங்கும். பை தோள்பட்டைக்கு நடுவுல ஒசரமா நிக்கணும், இடுப்புக்கு இறங்கப்படாது. நெஞ்சுப் பட்டியை இறுக்குங்க, ஆனா மூச்சு விட இடம் இருக்கட்டும்."

டீச்சர் இரண்டரை லிட்டரை முதுகில் போட்டுக்கொண்டு அடுக்குமாடிப் படியில் ஒரு வாரம் ஏறி இறங்கினாள். ஆட்டம் இல்லை, குத்தல் இல்லை. தூங்குகிற குழந்தையைத் தூக்கிப்போகிற மாதிரி இருந்தது. நிற்காமலே குடிக்கலாம். இனி என்ன தடை?

தடை அவள் வாயிலேயே இருந்தது. பக்கத்தில் ஆள் இருக்க, "நீங்க குடிங்க" என்று சொல்லாமல் ஒரு வாய் விழுங்குவது அந்த ஊரில் யாராலும் முடியாத காரியம். டீச்சரால் சுத்தமாக முடியாது. குழாயை உதட்டில் வைத்ததும் கால் நின்றுவிடும், தலை திரும்பிவிடும்.

"குடிக்கிறீங்களா?"

"நீங்க குடிங்க, உடம்புக்கு ஆகட்டும்" என்பார் பின்னால் வருகிறவர். டீச்சர் குடிப்பாள். அடுத்த வாய்க்கு அடுத்த ஆள்.

"ஐயோ டீச்சர்! உங்க எச்சில் குழாயை யார் வாங்கிக் குடிப்பா? சும்மா உறிஞ்சிக்கிட்டே நடங்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள் ஷஹீன்.

"எப்படிடீ? ஒரு மனுஷன் வேர்த்து வழிய நிக்கிறான், நான் பாட்டுக்கு மாடு மாதிரி உறிஞ்சச் சொல்றியா?"

இந்த வருடப் பயிற்சியில், தோச்சால் வழியில் இருக்கிற ஷீர்பலா சத்திரம் வரைக்கும் பாதகமில்லை. கேட்டவர்கள் எல்லாரும் முறைப்படி வேண்டாம் என்றார்கள். அதற்கு மேலே, வெயில் ஏறின நேரத்தில், ஒரு பாறையில் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். காலில் செருப்பு, கையில் காலிப் பாட்டில். டீச்சர் வழக்கம்போலக் குழாயைக் கையில் எடுத்து, "குடிங்களேன்" என்றாள்.

"கடவுள் உங்களுக்கு ஆயுசைக் கொடுக்கட்டும்" என்று அந்த ஆள் பாட்டிலை நீட்டிவிட்டான்.

முதல் தடவையிலேயே! ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று சொல்லவேண்டாமா? இருபது வருடம் கனடாவில் இருந்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பினானாம். வேண்டாம் என்று சொல்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. டீச்சர் என்ன செய்வாள்? குழாயை அழுத்தி அவன் பாட்டிலில் பிடித்தாள். அது நிரம்பினதும் மனைவியின் பாட்டில் வந்தது. தண்ணீர் முதுகுப்பக்கம் இருப்பதில் ஒரு கோளாறு, எவ்வளவு மிச்சம் என்று சுமப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

உச்சிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது குழாய் உர்ரென்றது. காற்றுதான் வந்தது.

ஷஹீன் பார்த்துவிட்டாள். "என்கிட்ட ஒன்றரை லிட்டர் கெடக்கு. பாதியை ஊத்திக்கங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"ஐயய்யோ, வேணாம்டீ."

"சும்மா வாங்கிக்கங்க டீச்சர்."

"வேணாங்கறேன்ல."

"என் உசிர் மேல சத்தியமாக் கேக்கறேன்."

"வேணாம்மா, உனக்கே வேணும்."

மூன்று தடவை மறுத்தாயிற்று. நாலாவது தடவை கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பாள். ஆனால் நாலாயிரம் மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைச்சல், ஷஹீனுக்கே மூச்சு இரைத்தது. "சரி, உங்க இஷ்டம்" என்று மூடியைத் திருகிவிட்டாள். டீச்சர் தன் நாக்கைத் தானே சபித்துக்கொண்டு நடந்தாள்.

உச்சியில் குழுவின் பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். ஹெஷ்மத் எப்போதும் தன்னிடமிருந்துதான் தொடங்குவார். மூடி திறக்காத அரை லிட்டர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். பிறகு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். டீச்சர் பையை உருவி எடுத்தபோது அது வற்றிச் சுருண்டு தொங்கியது.

"எங்க போச்சு?"

"குடிச்சுட்டேன் சார்."

"பொய் சார்" என்றாள் ஷஹீன். "வழியில ரெண்டு பேருக்கு ஊத்திக் குடுத்துட்டாங்க."

"அங்கயும் இதைத்தான் செய்வீங்க டீச்சர். தமாவந்துல ஒருத்தர் தண்ணியைத் தானம் பண்ணினா, நான் அவங்களையும் சேர்த்துத் தூக்கிட்டு எறங்கணும்." ஹெஷ்மத் குரலை உயர்த்தவில்லை. காகிதத்தை எடுத்துப் பெயரை அடித்தார்.

டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் முன்னால் அழுவதாவது என்று உதட்டைக் கடித்தாள். உதடு வெடித்திருந்தது. ஹெஷ்மத் அதைக் கவனித்திருக்கவேண்டும். மனிதர் கெட்டவர் இல்லை. தன் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"குடிங்க டீச்சர்."

வேண்டாம் என்பாள், இரண்டாவது தடவையும் வேண்டாம் என்பாள், அப்புறம் ஒரு வாய் நனைத்துவிட்டுத் திருப்பித் தருவாள். அதுதானே முறை. டீச்சர் வாங்கினாள். அண்ணாந்தாள். தாகமா, ஆத்திரமா, எது குடித்தது என்று அவளுக்கே தெரியாது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுப் பாட்டிலை அவர் கையில் வைத்தாள்.

"உங்க கை வலிக்காம இருக்கட்டும் சார்" என்று ஊர் வழக்கப்படி நன்றி சொன்னாள்.

ஹெஷ்மத் பாட்டிலைப் பார்த்தார். "முழுசையுமா?"

"நீங்கதானே குடிங்கன்னீங்க."

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். காற்று பாட்டிலைப் பிடுங்கப் பார்த்தது. ஹெஷ்மத் காகிதத்தை முழங்காலில் வைத்து, பட்டியலின் முதல் பெயரைத் தேடி, நிதானமாக ஒரு கோடு போட்டார். அது அவர் பெயர்.

"ஐயோ சார், விடுங்க சார்" என்று எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். அவர் பென்சிலையும் காகிதத்தையும் ஷஹீனிடம் கொடுத்தார். "இனிமே நீ கூட்டிட்டுப் போ. அரை லிட்டர் இல்லாதவன் வரப்படாது."

இறங்கும்போது அவரும் டீச்சரும் கடைசியாக வந்தார்கள். ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள், அப்படி இல்லை. பதினெட்டு தடவை தமாவந்து ஏறின மனிதர் முன்னால் கற்களைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், வேணும்னேதான் குடிச்சேன். மன்னிச்சுடுங்க" என்றாள் டீச்சர்.

அவர் திரும்பவில்லை. நடந்துகொண்டே கேட்டார்: "தண்ணி நல்லா இருந்துதா?"

"ரொம்ப நல்லா இருந்துது சார்."