பூட்டாத பட்டியல்

பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வைத்த அறுபத்து மூன்று குழாய்கள் குப்பைக்குப் போன செய்தி காலை பத்து மணிக்கு வந்தது. பத்தேகாலுக்கெல்லாம் பெரியக்கா குற்றவாளியைப் பிடித்து, விசாரித்து, மனதுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டாள். வாய் திறந்து சொல்வதுதான் பாக்கி. சொல்ல வேண்டிய ஆள் சொந்தத் தம்பியின் மனைவியாக இருந்ததால் அது தொண்டையிலேயே நின்றது.

ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் குழாய்மீது ஒட்டுகிற லேபிளை அச்சடிக்கும் மென்பொருள்தான் அந்தக் குடும்பத்தின் தொழில். அப்பா ஆரம்பித்தது. அவர் ஓய்ந்த பிறகு பதினோரு வருடமாகப் பெரியக்காவின் பொறுப்பு. வாடிக்கையாளர்களைத் தம்பி பார்த்துக்கொண்டான். அவனைக் கட்டிக்கொண்டு எட்டு மாதத்துக்கு முன் வந்த சின்னவள் நிரல் எழுதினாள். வருவதற்கு முன் அவள் வேலை பார்த்தது இதே தொழில் செய்யும் போட்டிக் கம்பெனியில். கல்யாணப் பேச்சின்போதே பெரியக்காவுக்கு உறுத்திய விஷயம் அது. தம்பி முகத்துக்காக விழுங்கியிருந்தாள்.

தொலைபேசியில் பேசியது பரிசோதனைக் கூடங்களின் தலைமை அம்மா. குரலை உயர்த்தாமல் திட்டுகிற ரகம்.

"நாலாம் தேதி புதுக் கிளை திறந்தோம். ஒன்பதாம் மாசம் நாலாம் தேதி எடுத்த ரத்தத்துக்கு, நாலாம் மாசம் ஒன்பதாம் தேதின்னு உங்க லேபிள் அடிச்சிருக்கு. அஞ்சு மாசப் பழைய ரத்தம்னு மெஷின் அத்தனையையும் தள்ளிடுச்சு. பொறந்து பத்து நாள் ஆன குழந்தையை ரெண்டாவது தடவை குத்தியிருக்கோம். தெரியுமா உங்களுக்கு?"

"தப்புதாங்க. உடனே..."

"உடனேயெல்லாம் வேணாம். சாயங்காலம் நாலு மணிக்குள்ள எழுத்துல வேணும். யார் பண்ணினது, எப்படி நடந்தது, பேரோட. இல்லேன்னா என்னோட பன்னெண்டு கிளையிலயும் உங்களைக் கழட்டிடுவேன்."

பெரியக்கா தன் கணினியில் அதே மென்பொருளை ஓட்டி ஒரு லேபிள் அடித்தாள். நாள் முன்னால், மாதம் பின்னால், முத்துப் போல விழுந்தது. பழைய பதினோரு கிளைகளிலும் அப்படித்தான். அவற்றுக்கெல்லாம் நிரலிலிருந்து ஓடும் மென்பொருளைப் பெரியக்கா தன் கையால் கட்டிக் கொடுத்திருந்தாள். புதுக் கிளைக்கு மட்டும் கட்டிக் கொடுத்தது சின்னவள். அங்கே மட்டும் கோணல்.

நிரல் களஞ்சியத்தைத் திறந்து பார்த்தாள். யார், எந்த வரியை, எப்போது மாற்றினார்கள் என்று எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். தேதி அச்சடிக்கும் பகுதியை மூன்று வருடமாக ஒருவரும் தொட்டிருக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய சான்றாகப்பட்டது. தெரியாமல் தப்புச் செய்கிறவன் தடம் வைத்துவிட்டுப் போவான். தடமே இல்லையென்றால் தெரிந்து செய்த கை.

சோதிப்பவரைக் கூப்பிட்டாள். எது எங்கே உடையும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு ஜோசியர் என்று பெயர்.

"ஜோசியரே, புதுக் கிளைக்குப் போனதை நீங்க பாத்தீங்களா, இல்லியா?"

"பாத்தேன்மா. பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தேன். தேதி சரியாத்தான் இருந்துச்சு."

"என்னைக்குப் பாத்தீங்க?"

அவர் தன் நோட்டைப் புரட்டினார். புரட்டிய விரல் நின்றது. "எட்டாம் மாசம்... எட்டாம் தேதி."

எட்டைத் திருப்பிப் போட்டாலும் எட்டுதான். ஜோசியர் நோட்டை மெல்ல மூடினார். "ஊரு கிரகமெல்லாம் பாத்தேன். என் கிரகத்தைப் பாக்க விட்டுட்டேன்மா."

"அந்தத் தேதியில பாக்கச் சொன்னது யாரு?"

"சின்னம்மாதான். இன்னைக்கே முடிச்சுடுங்கன்னு கையில குடுத்தாங்க."

பெரியக்கா சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். வருடத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்க, நாளும் மாதமும் இடம் மாறினாலும் கண்ணுக்குத் தெரியாத நாளாகப் பார்த்துச் சின்னவள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதைதான், ஆனால் இந்தப் பூனை காலண்டர் பார்த்துக் குடித்திருக்கிறது. இரண்டு வாரமாக அவள் மாடிப்படித் திருப்பத்தில் நின்று யாருடனோ தணிந்த குரலில் பேசுவதும், பெரியக்காவின் செருப்புச் சத்தம் கேட்டதும் "அப்புறம் பேசறேன்" என்று முடிப்பதும் இப்போது ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின.

பன்னிரண்டு மணிக்குத் தம்பியை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கடிதத்தைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தாள். 'புதிதாகச் சேர்ந்த ஊழியர் ஒருவரின் செயலால்' என்ற இடத்தில் அவன் கை நின்றது.

"அக்கா, புதுசா சேந்தது ஒருத்திதான்."

"தெரியும்."

"என் பொண்டாட்டிக்கா அவ."

"இது அப்பா பேருடா. குழந்தை கையில ரெண்டு ஓட்டை போட்டதுக்கு இந்த வீட்டுப் பேரை எழுதச் சொல்றியா?"

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்காம அனுப்ப மாட்டேன். கையும் களவுமா உன் முன்னாடியே கேக்கறேன். போய்க் கூட்டிட்டு வா."

ஜோசியரிடம் ஒரு கணினியை முழுக்கத் துடைத்து, புதிதாக வாங்கியது போல வெறுமையாக வைக்கச் சொல்லியிருந்தாள். சின்னவள் வந்து நின்றதும் மேசையைக் காட்டினாள். தம்பியின் கையெழுத்தில் பாதிக் கடிதம் அங்கேயே கிடந்தது; சின்னவளின் கண் அதன்மேல் ஒருமுறை ஓடியது.

"போனை இங்க வை. களஞ்சியத்துலேர்ந்து நிரலை எடுத்து, என் கண்ணு முன்னாடி முதல்லேர்ந்து கட்டு. அன்னைக்கு எப்படிக் கட்டினியோ அப்படி."

சின்னவள் போனை வைத்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

"நான் தொட மாட்டேன் அண்ணி. சரியா வந்தா, இன்னைக்கு மட்டும் ஒழுங்கா பண்றான்னு சொல்லுவீங்க. தப்பா வந்தா, பாத்தியான்னு சொல்லுவீங்க. நீங்களே கட்டுங்க."

சொல்லிவிட்டுச் சுவரோரம் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று தானாகவே வந்து சொல்கிறாளோ என்று பெரியக்கா ஒரு கணம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து கட்டினாள். இருபது நிமிடம் ஆயிற்று. கடைசியில் லேபிள் இயந்திரம் கறுமுறு என்று ஒரு சின்னத் தாளைத் துப்பியது.

மாதம் முன்னால். நாள் பின்னால்.

பெரியக்கா தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தாள், பின்பக்கம் ஏதோ எழுதியிருப்பது போல.

"இந்தக் கம்ப்யூட்டரைத் துடைச்சது யாரு?"

"நான்தான்மா," என்றார் ஜோசியர். "சந்தேகப் பட்டியல்ல என்னையும் சேத்துக்கங்க. பேரை மட்டும் கொட்டை எழுத்துல போடுங்க, பென்ஷன் வயசுல ஒரு பெருமை."

பெரியக்கா தன் கணினியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோப்பு கோப்பாக ஒப்பிட ஆரம்பித்தாள். அவர்கள் எழுதிய நிரலில் ஒரு புள்ளி வித்தியாசமில்லை. வித்தியாசம் இரவல் வாங்கியதில் இருந்தது. தேதியை வடிவமைக்க, முகம் தெரியாத யாரோ எழுதி ஊருக்குப் பொதுவாக வைத்திருந்த ஓர் ஆயத்த நிரல் தொகுப்பை, லைப்ரரி என்பார்கள், அந்த மென்பொருள் பயன்படுத்தியது. பெரியக்காவின் கணினியில் இருந்தது அதன் இரண்டாம் வெர்ஷன். இந்த வெறும் கணினி, தனக்கு எது வேண்டும் என்று யாரும் குறிப்பாகச் சொல்லாததால், இருப்பதிலேயே புதிதாக மூன்றாம் வெர்ஷனை இறக்கிக்கொண்டிருந்தது. ஏழாம் மாதக் கடைசியில் வந்தது அது. வரிசையை மாற்றியிருந்தார்கள்.

அப்படியானால் தன் கணினி மட்டும் ஏன் மாறவில்லை? தேடியதில் தன்னிடம் மட்டும் ஒரு கோப்பு இருப்பது தெரிந்தது. எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன் என்று ஒன்று விடாமல் பூட்டி வைக்கிற பட்டியல். கணினியே தானாக எழுதிக்கொள்வது. லாக் ஃபைல் என்பார்கள். அது களஞ்சியத்துக்குள் போயிருந்தால் யார் எங்கே கட்டினாலும் ஒரே மாதிரி வந்திருக்கும். போகவில்லை. உள்ளே சேர்க்கக் கூடாதவற்றின் பட்டியலில் அதன் பெயரை யாரோ ஒரு வரியாக எழுதியிருந்தார்கள்.

யார் என்று பார்த்தாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி. அவள் பெயர். பக்கத்தில் அவளே எழுதிய குறிப்பு: 'கணினி எழுதியது நம் வீட்டுக்குள் வேண்டாம். நம் கை எழுதியது மட்டும் போதும்.'

பொறுப்பு கைக்கு வந்த முதல் வாரத்தில் போட்ட உத்தரவு. களஞ்சியத்தில் பெயரில்லாத ஒரு வரிகூட இருக்கக் கூடாது என்று அவளுக்கு அப்போது அவ்வளவு பிடிவாதம்.

"தெரியுமா உனக்கு?" என்றாள், திரும்பாமலே.

"மூணு மாசத்துக்கு முன்னாடி உங்களுக்கு எழுதினேன் அண்ணி. இந்த ஃபைலை உள்ள வைக்கணும்னு."

"நான் என்ன சொன்னேன்?"

"கண்டதை உள்ள விட்டா வீடு சத்திரமாயிடும்னு சொன்னீங்க."

சொன்னது நினைவுக்கு வந்தது. சொல்லும்போது அந்தக் கோப்பை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

"காலையிலேர்ந்து ஏன் வாயைத் திறக்கல?"

"எனக்கும் உறுதியாத் தெரியாது. வேற காரணமும் இருக்கலாம். அதுவுமில்லாம, நான் சொன்னா யாரு நம்புவா?"

"மாடிப்படியில யார்கூடப் பேச்சு?"

தம்பி தலையைத் தூக்கினான். சின்னவள் அவனைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "பழைய ஆபீஸ்ல. திரும்ப வேலை தருவீங்களான்னு கேட்டேன்."

"எங்கிட்டகூடச் சொல்லலையே?" என்றான் தம்பி.

"உங்க அக்கா கடிதம் சொன்னப்ப நீங்க எழுதிட்டுத்தானே இருந்தீங்க?"

மணி மூன்றரை. தம்பி தொண்டையைச் செருமினான். "அக்கா, லைப்ரரி மாறிடுச்சுன்னு எழுதிடலாம். பொய்யும் இல்ல. யாரோ தெரியாதவன் தலையில போகட்டும். நம்ம வீட்ல யார் பேரும் வராது."

பெரியக்காவுக்கு அது ஒரு நிமிடம் இனித்தது. உண்மை மாதிரியே இருந்தது, சான்றும் கையில் இருந்தது. அப்பாவின் பெயர்ப்பலகை கீறல் விழாமல் தப்பிக்கும். பேனாவை எடுத்து 'லைப்ரரி' என்று எழுதியும்விட்டாள். அடுத்த வார்த்தை வரவில்லை. அந்த அம்மா சும்மா விடமாட்டாள். மாறியதை ஏன் உள்ளே விட்டீர்கள் என்று கேட்பாள். அப்போதும் விரல் நீட்ட ஓர் ஆள் வேண்டும், வீட்டில் புதிதாக வந்தவள் ஒருத்திதான்.

தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினாள். 'பூட்டுப் பட்டியலைக் களஞ்சியத்தில் வைக்க வேண்டாம் என்று உத்தரவு போட்டது நான். வைக்கச் சொன்னவரின் பேச்சைக் கேட்காததும் நான்.' கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தம்பி அதைப் படமெடுத்து அனுப்பினான்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தலைமை அம்மா கூப்பிட்டாள்.

"நீங்களேவா?"

"நானேதாங்க."

மறுமுனையில் கொஞ்ச நேரம் காகிதச் சத்தம். "நாளைக்கு வேற எதுவும் மாறாதுன்னு என்ன நிச்சயம்?"

பெரியக்கா சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் கைகளைப் பின்னால் கட்டியபடி சுவரோரமே நின்றாள்.

"ஒரு மணி நேரத்துல பழைய வெர்ஷனைப் பூட்டி அனுப்பறோம். புதுக் கிளைக்கு நானே நேர்ல வர்றேன்."

"வாங்க. பாத்துட்டு முடிவு சொல்றேன். இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன்." தொடர்பு அறுந்தது.

சின்னவள் சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். "அந்த வரியை நீங்கதான் எடுக்கணும் அண்ணி. உங்க பேர்ல. நாளைக்கு இதுவும் நான் புகுத்தினதுன்னு ஆகக் கூடாது."

அப்படி ஒரு பேச்சை அந்த வீட்டில் இதுவரை யாரும் பெரியக்காவிடம் பேசியதில்லை. சுருக்கென்று தைத்தது. ஆனாலும் பதினோரு வருடத்து வரியை அழித்தாள். தன் கணினியிலிருந்த கோப்பை, யார் கையும் எழுதாத இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகளை, தன் பெயரில் உள்ளே சேர்த்தாள். சின்னவள் அவள் தோளுக்கு மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள், அவசரமே இல்லாமல்.

"அந்தக் கடிதத்துல ஒரு காப்பி எனக்கும் அனுப்புங்க," என்றாள். "மத்தியானம் எழுதினதையும்."

"அது அனுப்பவே இல்லியே!"

"எழுதினீங்கல்ல."

பெரியக்கா இரண்டையும் அனுப்பினாள். சின்னவள் மேசையிலிருந்து போனை எடுத்து, இரண்டும் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, மாடிப்படிப் பக்கம் போனாள். பெரியக்கா எழுந்திருக்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்டுப் பேச்சு நின்றுவிடக் கூடாது என்று அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.