அரைப்பேர்

2007 தொடக்கத்தில் எங்கள் தோட்டப் பாடசாலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. நான் யட்டியாந்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஆசிரியை. ஆறு மாதக் கோர்ஸ் செய்திருந்த பாவத்துக்குப் பிள்ளைகளின் வரவைப் பதிகிற வேலை என் தலையில் விழுந்தது. அதிபர் நாகலிங்கம் வரவு எழுதும் பழைய இடாப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினார். நல்ல மனிதர்தான். புதுச் சாமான் ஏதாவது கிடைத்தால் மட்டும் சின்னப்பிள்ளை ஆகிவிடுவார்.

பதினோராம் வகுப்பு நிரோஷா எந்நாளும் இடைவேளைக்குப் பிறகுதான் வருவாள். தாய் மூக்காயிக்குத் தோள் விழுந்து, கையைத் தூக்க முடியாமல் போய்விட்டது. மகள்தான் விடியவே ரப்பர் மலைக்குப் போய்ப் பாதி மரம் பால் வெட்டிவிட்டு, அந்த நாற்றத்தோடு வகுப்பில் வந்து உட்காருவாள். தோட்டத்தில் அவளுக்கு அரைப்பேர் போடுவார்கள், அதாவது அரைநாள் கூலி. நானும் அதுவரை இடாப்பில் அவளுக்குப் பாதிக்கோடு போட்டு, மாதமுடிவில் இரண்டு பாதியை ஒரு நாளாகக் கணக்கிட்டு எழுதிவந்தேன்.

கம்ப்யூட்டரில் 0.5 என்று தட்டினேன். பூச்சியமாகிவிட்டது. மறுபடியும் தட்டினேன், மறுபடியும் பூச்சியம். வலயக் கல்விக் காரியாலயத்துக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன்.

“ஆவொத் எக்கய், நாவொத் பிந்துவய் மிஸ்,” என்றார் அங்கிருந்தவர் சிங்களத்தில். வந்தால் ஒன்று, வராவிட்டால் பூச்சியம். அவ்வளவுதான்.

“முழுநாள்னு போட்டுடவா சேர்?” என்று அதிபரைக் கேட்டேன்.

“பொய் எழுத ஏலாது டீச்சர்.”

வருடத்தின் மொத்த நாட்களில் பாதிக்காவது வராத பிள்ளையின் ஓ.எல். பரீட்சை விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போடமாட்டார். எங்கள் பாடசாலைச் சட்டம் அது. விண்ணப்பக் காலம் வந்தபோது நிரோஷாவின் வரவு பூச்சியம் சதவீதம் என்று கம்ப்யூட்டர் காட்டியது.

“அவ வாறா, நான் என் கண்ணால பாக்குறேன்,” என்றார் அதிபர். “ஆனா வலயத்துக்குப் போன கணக்குல அவ ஒரு நாளும் வரல்ல. நான் எப்பிடிக் கையெழுத்துப் போடுறது?”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மூக்காயி வந்தாள். கதவோரத்திலேயே நின்றுகொண்டாள்.

“டீச்சர், தோட்டத்துல ரெண்டு அரைப்பேர் சேந்தா ஒரு பேருங்க. புள்ள வருசம் பூரா வந்திருக்கா. இங்க உள்ள அரைப்பேரக் கொஞ்சம் கூட்டிப் பாருங்களேன்.”

“இதுல அரைப்பேர் இல்லம்மா.”

“அப்ப இத்தன நாளும்?”

“ஒண்ணும் விழல்ல.”

திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“அப்பிடீங்களா. சரிங்க, நாளையிலேருந்து மலையில முழுப்பேருக்கே நிக்கச் சொல்லிர்றேன்,” என்று சொல்லிவிட்டு, வகுப்புப் பக்கம் போய் மகளைக் கூப்பிட்டாள். நிரோஷா கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்து, “போயிட்டு வாறேன் டீச்சர்,” என்றாள்.

மறுநாள் இடைவேளை முடிந்தும் அவள் வரவில்லை. நான் பூச்சியம் என்று தட்டினேன். அன்றைக்குத்தான் அந்தக் கணக்கு முதல்முதலாகச் சரியாக இருந்தது.