ரோஜாக் கன்னம்

ஜெனீவா நகரத்தின் ஆகச் சிறந்த முகம் இன்று பிற்பகல் மண்ணுக்குள் போகிறது என்பதை உலகத்தோர் அனைவருக்கும் இதனால் தெரிவித்துக்கொள்கிறோம். ஆகச் சிறந்தது என்பது அந்த முகத்தின் சொந்தக்காரர் கிதியோனின் கருத்து. கடிகார மூடிகளில் சீமாட்டிகளை எனாமலில் வரைந்து பிழைத்த மனுஷர், மிச்ச நேரமெல்லாம் நாணயமளவு செப்புத் தகடுகளில் தன்னையே வரைந்து, சூளையில் சுட்டு, சுவர் நிறைய மாட்டியிருந்தார். எல்லாவற்றிலும் ரோஜாக் கன்னம். வயது மட்டும் ஏறவே இல்லை.

பெட்டியைத் தூக்க ஆண்கள் குனிந்தார்கள்.

"நீ வீட்டுல இரும்மா யூதித். பொம்பளைங்க வர்ற எடமில்ல," என்றார் பெரியப்பா எசேக்கியேல், கிதியோனின் கூடப்பிறந்த அண்ணன்.

"அப்பா தலைமாட்டுல பேரு வெட்டி ஒரு கல்லாவது வைப்பீங்களா?"

"நம்ம ஊர்ல யாருக்குடி கல்லு வச்சோம்? தரையோட தரையா மட்டம் பண்ணிட்டு வரவேண்டியதுதான். உங்கப்பன் என்ன ராஜாவா?"

"அவரு அப்படித்தான் நெனச்சிட்டிருந்தாரு."

அவர்கள் போனதும் யூதித் சூளையில் கரியைத் தள்ளினாள். படுக்கையருகே உட்கார்ந்து கழித்த ராத்திரிகளால் முதுகு விண்விண்ணென்றது. மேசையில் அப்பாவின் கடைசித் தகடு, சுடாமல் கிடந்தது. முதலில் பழுப்பு நிறத்தில் சுருக்கம், தொங்கும் கண்ணிமை, ஒடுங்கிய வாய் எல்லாவற்றையும் உள்ளபடி வரைந்திருந்தார். அவள் பார்த்தாள். மறுநாளே அதன்மேல் ரோஜா வண்ணத்தைப் பூசி மூடிவிட்டார்.

"கடைசிச் சூடு நீ வை. ரோஜா பறந்துடாம சட்டுனு எடுத்துரு," என்றுதான் அப்பா சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

தகட்டைச் சூளைக்குள் வைத்தவள் சட்டென்று எடுக்கவில்லை. கொஞ்சம் அதிகம் சுட்டால் ரோஜா பறந்துவிடும், பழுப்பு தங்கும். அதற்கும் மேலே போனால் தகடே வெடிக்கும். கல்லுமில்லாத அப்பாவுக்கு இருக்கப்போவது இந்த ஒரு முகம்தான். இடுக்கியைப் பிடித்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

வெடிக்கவில்லை. ஆறியதும் பார்த்தாள். சூப்பு சூடாக இல்லையென்று முகம் சுளிக்கும் அதே கிழவர். யூதித் அன்றைக்கு முதன்முறையாக உட்கார்ந்தாள்.

காலில் சேற்றோடு திரும்பிவந்த பெரியப்பா தகட்டைக் கையில் எடுத்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"அடப்பாவி! கடைசியா என்னைத்தான் வரைஞ்சிருக்கான்!"

"அது அப்பா, பெரியப்பா."

"அவனுக்கு ஏது இத்தனை சுருக்கம்? அதோ, செவுத்துல இருக்கானே, அவன்தான் உங்கப்பன்!"

கூட வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், தகட்டைப் பார்த்தார்கள். எசேக்கியேலேதான் என்றார்கள். யூதித் எழுந்துபோய் எல்லோருக்கும் ரொட்டி நறுக்கினாள்.

மறுவாரம் அந்தத் தகடு பெரியப்பாவின் மூக்குப்பொடி டப்பாவுக்கு மூடியானது.