எந்தப் பக்கம் இழுக்கட்டும்?

"அந்த பேனர பின்னாடி கட்டாதீங்கண்ணா. காத்துல தண்ணியில இறங்குச்சுன்னா இஞ்சின் விசிறியில சுத்திக்கும்" என்று விஜயகுமாரி மூன்றாம் முறையாகச் சொன்னாள். மூன்று முறையும் கலைவாணன் தலையாட்டினார். கடைசி முடிச்சும் படகின் பின்புறத்திலேயே விழுந்தது.

கலைவாணன் சாதாரண ஆள் இல்லை. கால்வாய்ப் படகுச் சுற்றுலா முன்னேற்றச் சங்கத்தின் நிறுவனர், தலைவர், பொருளாளர். உறுப்பினருக்குத்தான் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். செங்கல்வராயன் போன செய்தி கேட்டதும் முதல் போனை அச்சகத்துக்குப் போட்டார். 'கால்வாய்க் காவலரே, எங்களைக் கண்ணீர்க் கடலில் விட்டுச் சென்றீரே' என்ற வரிக்குக் கீழே, கைகூப்பியபடி கலைவாணன் ஆளுயரத்தில் நின்றார். செங்கல்வராயன் மூலையில், ஆதார் அட்டையில் இருக்கும் அளவுக்கு இருந்தார்.

சுடுகாடு கால்வாய்க்கு அந்தக் கரையில், கடற்பக்கம். யார் செத்தாலும் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வண்டியில்தான் போவார்கள்.

"சொர்க்க ரதம் எல்லாருக்கும் கெடைக்கும். சொர்க்க போட்டு நம்ம அண்ணாத்தைக்கு மட்டுந்தான்" என்று கலைவாணன் தன் உல்லாசப் படகைக் கொடுத்துவிட்டார்.

நெம்மேலியிலிருந்து முட்டுக்காடு வரைக்கும் எந்தப் படகு நின்றாலும் செங்கல்வராயனுக்குத்தான் போன் வரும். இஞ்சினைப் பார்ப்பார், முடியாவிட்டால் கட்டி இழுத்துவருவார். மகன் ரஞ்சித்குமாருக்குத் தண்ணீர் என்றாலே பயம். படாளத்தில் உரக்கடை வேலையோடு ஒதுங்கிவிட்டான். மாமனாரோடு போனது மருமகள் விஜயகுமாரிதான். "முன்னாடி இன்னாத்துக்குப் பாக்கற? கால்வா எங்கியும் ஓடிப்பூடாது. பின்னாடி பாரு, கயிறு தொய்யுதான்னு" என்பார் அவர்.

நேற்று டீசல் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர், "குமாரி, இத்தக் கொஞ்சம் பிடி" என்று நீட்டிவிட்டுச் சாய்ந்தார். வீட்டில் கூட்டம் கூடிய பிறகும் அது அவள் கையிலேயே இருந்தது.

காலையிலேயே கேட்டுப் பார்த்தாள். "நானும் வரேன் பெரிய மாமா."

மாமனாரின் அண்ணன் திருவேங்கடம் துண்டை உதறினார். "பொம்பள சுடுகாட்டுக்கு வர்றதா? சாங்கியம்னு ஒண்ணு கீதும்மா."

"அவரு போன எடத்துக்கெல்லாம் நான்தான கூடப் போனேன்?"

"அதெல்லாம் ரிப்பேருக்கு. இது வேற."

பெண்கள் தண்ணீர் ஓரத்தோடு நின்றார்கள். மேளமும் வெடியுமாகப் படகு புறப்பட்டது. நடுக்கால்வாயில் கடற்காற்று பேனரைத் தூக்கி அடித்தது. இஞ்சின் சத்தம் மாறியது விஜயகுமாரிக்கு மட்டும்தான் கேட்டது. அது ஒருமுறை செருமி நின்றபோது எல்லோருக்கும் கேட்டது. மேளம் தானாக ஓய்ந்தது.

அவள் இடுப்பில் செருகியிருந்த மாமனாரின் போன் அடித்தது.

"அண்ணாத்த, கலைவாணன் பேசறேன். நம்ம போட்டு நின்னுபோச்சி, கொஞ்சம் சீக்கிரமா..."

பழக்கதோஷம். பாதியில்தான் அவருக்கு உறைத்தது. அண்ணாத்தை அவர் காலடியிலேயே படுத்திருந்தார்.

விஜயகுமாரி, மாமனார் கேட்பதையே கேட்டாள். "எங்க கீறீங்க?"

"இன்னா தங்கச்சி, எதிர்லதான கைய ஆட்டிகினு நிக்கறேன்!"

"தண்ணி உள்ள வருதா?"

"இல்ல."

"அப்ப ஆட்டாம குந்துங்க."

கலைவாணன் குந்தினார். "ஆம்பள யாரையாச்சும் இழுவ போட்ட எடுத்துகினு வரச் சொல்லும்மா."

"அத்த ஓட்டத் தெரிஞ்சது ரெண்டு பேரு. ஒருத்தர உங்ககூட அனுப்பிச்சிட்டேனே."

புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அவள் இழுவைப் படகைக் கிளப்பினாள். போய்ப் பார்த்தபோது ஆளுயரக் கலைவாணன் இடுப்புவரை விசிறிக்குள் போயிருந்தார்.

"சட்டுனு அறுத்து வுட்டுட்டு நீ கரைக்குப் போயிடு" என்றார் திருவேங்கடம்.

விஜயகுமாரி குனிந்து தடவிப் பார்த்தாள். "இறுகிப்போச்சி மாமா. கரையில ஏத்தித்தான் எடுக்கணும்."

அது முக்கால் உண்மை. மீதிக் கால், அவள் படகின் பலகைக்கு அடியில் உறையோடு கிடந்தது. நல்ல கூர்மையான கத்தி.

"அப்ப வூட்டுப் பக்கமே இழும்மா. வண்டி வெச்சிக்கலாம்" என்றார் கலைவாணன்.

திருவேங்கடம் துள்ளினார். "யோவ், வாயக் கழுவு! பொறப்பட்ட பொணத்தத் திருப்பறதா? ஊருக்கே ஆவாதுய்யா."

கயிற்றை உல்லாசப் படகின் மூக்கில் முடிந்துவிட்டு விஜயகுமாரி நிமிர்ந்தாள். "எந்தப் பக்கம் இழுக்கட்டும்? சொல்லுங்க."

பணிவாகத்தான் கேட்டாள். திருவேங்கடம் இந்தக் கரையைப் பார்த்தார், அந்தக் கரையைப் பார்த்தார். இரண்டு கரையிலும் சாங்கியம் நின்றது. கலைவாணன் தொண்டையைச் செருமினார். எந்தப் பொறுப்பிலிருந்து பேசுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

ரஞ்சித்குமார் தீச்சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, புறப்பட்டதிலிருந்தே கண்ணை மூடியிருந்தான். திறக்காமலே சொன்னான்: "அந்தாண்ட இழு குமாரி. நெருப்பு அவியப்போவுது."

அவள் இழுத்தாள்.

அக்கரைச் சேற்றில் முழங்கால்வரை இறங்கி, பாடையை இறக்கும்வரை படகு ஆடாமல் பிடித்துக்கொண்டாள். வா என்று யாரும் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் கடைசியாக நடந்த திருவேங்கடம், முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: "சறுக்கும். பாத்து வா."

கொள்ளி வைத்தபின் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆண்கள் உல்லாசப் படகில் ஏறி, வீட்டுக்கரையைப் பார்த்தபடி கழுத்தைக் கல்லாக்கி உட்கார்ந்தார்கள். கலைவாணன்கூட போனை வெளியே எடுக்கவில்லை. விஜயகுமாரி இஞ்சினைக் கிளப்பினாள். கயிறு நீரிலிருந்து எழுந்து விறைத்தது. அவள் பின்னால் திரும்பினாள்.

"குமாரி..." என்று திருவேங்கடம் வாயெடுத்தார். கயிறு தொய்ந்து ஒருமுறை தண்ணீரில் அறைந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

அவள் கயிற்றைப் பார்த்தாள். கயிற்றுக்கு அப்பால் அசையாத தலைகள். தலைகளுக்கு மேலே, சவுக்குத் தோப்பிலிருந்து எழும்பும் புகை. இஞ்சினை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினாள்.